ஆலய இணையத்தளத்தில் சூதாட்ட விளம்பரம் புகுந்தது எப்படி? கோப்பு அனுமதி பற்றி ஒரு விளக்கம்

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் ஆலயத்திற்குச் சொந்தமாக ஓர் இணையத்தளம் இருக்கிறது. தோட்டத்தை விட்டு ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்ட பிள்ளைகள் திருவிழாத் தேதியைப் பார்ப்பதும், உபயத்திற்குப் பெயர் கொடுப்பதும், தாத்தா பாட்டி காலத்துப் படங்களைத் தேடுவதும் அதில்தான். ஆண்டுத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஆலயச் செயலாளர் என்னை அழைத்தார்.

"தம்பி, கூகுள்ல நம்ம கோயில் பேரைப் போட்டா சூதாட்ட விளம்பரமா வருது. ஜனங்க போன் மேல போன் போடுறாங்க. கமிட்டிக்காரங்களே என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க."

ஆலயத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நடந்ததை மட்டும் தாராளமாக எழுதச் சொன்னார். நம் தமிழ்ப்பள்ளிகள், இளைஞர் மன்றங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள் பலவற்றின் இணையத்தளங்களும் இதே முறையில்தான் இயங்குகின்றன. இன்று இவர்களுக்கு நேர்ந்தது நாளை எவருக்கும் நேரலாம்.

அந்த வார இறுதியில் தானா ராத்தாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அமர்ந்து, மடிக்கணினியைத் திறந்து முழுக் கதையையும் கேட்டேன். தொடக்கம் மிகச் சாதாரணமானது. ஆலயத் தளத்தில் படத்தொகுப்பைக் காட்டும் ஒரு பிளகின் இருந்தது. அதற்குப் புதிய பதிப்பு வந்திருப்பதாக அறிவிப்பு வர, செயலாளர் 'அப்டேட்' பொத்தானை அழுத்தியிருக்கிறார். 'குட் நாட் கிரியேட் டைரக்டரி' என்று பதில் வந்தது. கோப்புறையை உருவாக்க முடியவில்லை என்பது அதன் பொருள். அதன் பிறகு புதிய படங்களும் ஏறவில்லை.

கமிட்டியில் ஒருவருடைய மருமகன் கணினி தெரிந்தவர். யூடியூபில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, எல்லாக் கோப்புறைகளுக்கும் 777 என்ற எண்ணைக் கொடுத்திருக்கிறார். உடனே எல்லாம் வேலை செய்தது. அவருக்கு ஆலயத்தில் மாலை போடாத குறைதான். சில வாரங்கள் கழித்துத்தான் சூதாட்டம் வந்தது.

அந்த மருமகனைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அந்த எண்ணைப் பரிந்துரைக்கும் பக்கங்களும் காணொளிகளும் இணையத்தில் ஏராளம். ஆனால் 777 என்றால் என்ன என்று அவை விளக்குவதில்லை.

பிளகின் என்பது என்ன?

நம் சமூக அமைப்புகளின் தளங்களில் பல வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில் அமைந்தவை. 2003-ஆம் ஆண்டு மேட் மல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவர் தொடங்கியது அது. அடிப்படை வீட்டை வேர்ட்பிரஸ் தருகிறது. படத்தொகுப்பு, நன்கொடைப் படிவம், நாள்காட்டி போன்ற கூடுதல் வசதிகளைத் தனித்தனியாகப் பொருத்திக்கொள்கிறோம். அப்படிப் பொருத்தும் ஒவ்வொன்றும் ஒரு பிளகின். ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் 'டபிள்யூபி-கன்டென்ட்' என்ற கோப்புறைக்குள் 'பிளகின்ஸ்' என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு பிளகினுக்கும் அதற்குள் ஒரு தனிக் கோப்புறை.

'அப்டேட்' பொத்தானை அழுத்தும்போது என்ன நடக்கிறது? வேர்ட்பிரஸ் புதிய பதிப்பைச் சுருக்கிய கோப்பாக இறக்குகிறது. அதை 'அப்கிரேட்' என்ற தற்காலிகக் கோப்புறையில் விரிக்கிறது. பிறகு பழைய கோப்புறையை அகற்றிவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைக்கிறது. இறக்க, விரிக்க, அகற்ற, வைக்க என ஒவ்வொரு படியிலும் சர்வரில் எழுதும் உரிமை வேண்டும். ஒரு படியில் உரிமை இல்லையென்றாலும் வேலை நின்றுவிடும். முன்பெல்லாம் பழையது போய்ப் புதியதும் வராமல் பிளகின் காணாமலே போனதுண்டு. 2023-இல் வந்த 6.3 பதிப்பிலிருந்து, நாம் செய்யும் புதுப்பிப்பு தோற்றுப்போனால் பழையதை மீட்டு வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. இன்னும் பழைய வேர்ட்பிரஸை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வரவு செலவுப் புத்தகம் யார் கையில்?

எழுதும் உரிமையை யார் தீர்மானிப்பது? சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகின்றன. அதன் அனுமதி முறை, 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸிலிருந்து வந்தது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய காலம் அது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிக்காமல் இருக்க வழி தேவைப்பட்டது.

ஆலயத் திருவிழாவின் வரவு செலவுப் புத்தகத்தை எண்ணிப் பாருங்கள். பொருளாளர் அதில் எழுதலாம். கமிட்டியினர் வாங்கிப் பார்க்கலாம், எழுத முடியாது. வரி கட்டியவர்கள் பலகையில் ஒட்டிய கணக்கைப் படிக்கலாம். லினக்ஸும் ஒவ்வொரு கோப்புக்கும் இதே மூன்று தரப்பினரை வைத்திருக்கிறது: உரிமையாளர், அவருடைய குழு, மற்றவர்கள். தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இது தன்மை, முன்னிலை, படர்க்கை என்றுதான் மனத்தில் பதிந்தது. இலக்கண ஆசிரியர்கள் மன்னிக்கவும்.

ஒவ்வொரு தரப்புக்கும் மூன்று உரிமைகள் உண்டு. படிக்கும் உரிமைக்கு 4, எழுதும் உரிமைக்கு 2, இயக்கும் உரிமைக்கு 1. கோப்புறையைப் பொறுத்தவரை இயக்குவது என்றால் உள்ளே நுழைவது. கொடுத்த உரிமைகளைக் கூட்டி ஒரே எண்ணாக எழுதுகிறார்கள். 755 என்றால் உரிமையாளருக்கு 4+2+1, அதாவது எல்லா உரிமையும். குழுவுக்கும் மற்றவர்களுக்கும் 4+1, படிக்கலாம், நுழையலாம், எழுத முடியாது. 644 என்றால் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம். மற்ற இரு தரப்பும் படிக்க மட்டுமே. வேர்ட்பிரஸ் தளத்தில் கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்பதே வழக்கமான அளவு.

777 என்றால், வரவு செலவுப் புத்தகத்தைப் பேனாவோடு சேர்த்து ஆலய வாசலில் வைத்துவிட்டுப் போவது.

லயத்துப் பின்கதவு

இங்கே ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 777 கொடுத்தால் உலகத்தில் இணையம் வைத்திருக்கும் எல்லாரும் நம் கோப்பில் எழுதலாம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது சரியல்ல. 'மற்றவர்கள்' என்பது அந்தச் சர்வருக்குள் இருக்கும் மற்ற கணக்குகள்.

அப்படியானால் பயமில்லையே என்று நினைக்க வேண்டாம். ஆண்டுக்குச் சில நூறு வெள்ளியில் நாம் வாங்குவது பெரும்பாலும் பகிர்வு ஹோஸ்டிங். ஒரே சர்வரில் நம்மோடு நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கலாம். அதை நம் லயம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரே கூரை, நடுவில் சுவர், வீட்டுக்கு வீடு தனிக் கதவு. கடைசி வீட்டுக்காரர் பூட்ட மறந்து திருடன் ஒருவன் உள்ளே வந்துவிட்டால், அவன் அடுத்து வரிசையாகப் பின்கதவுகளைத் தள்ளிப் பார்ப்பான். 777 கொடுத்த வீட்டின் கதவுதான் முதலில் திறக்கும். நல்ல நிறுவனங்கள் வீடுகளுக்கு நடுவில் தனியாகத் தடுப்பு எழுப்பியிருக்கும். மலிவான இடங்களில் அதை நம்பியிருக்க முடியாது.

இப்படி நடந்த ஒன்று 2010 ஏப்ரலில் பெரிய செய்தியானது. அமெரிக்காவில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தின் சர்வர்களில் இருந்த வேர்ட்பிரஸ் தளங்கள் பல தாக்கப்பட்டன. வேர்ட்பிரஸில் ஓட்டை என்றுதான் முதலில் எழுதினார்கள். அதே சர்வரில் இருக்கும் ஒருவர் மற்றவருடைய 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்பைப் படிக்க முடிந்ததுதான் உண்மைக் காரணம். தரவுத்தளத்தின் கடவுச்சொல் அந்தக் கோப்பில் மறைவில்லாமல் அப்படியே எழுதப்பட்டிருக்கும். படித்தவன் கையில் சாவி. மேட் மல்லன்வெக் அப்போது வேர்ட்பிரஸ் தளத்தில், கோப்பு அனுமதியைச் சரியாக வைப்பதன் அவசியத்தைத் தலைப்பிலேயே சொல்லி ஒரு பதிவு எழுதினார். அங்கே படிக்கும் உரிமை மட்டுமே கசிந்தது. நம் ஆலயத் தளத்தில் எழுதும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்.

சூதாட்டக்காரர்களுக்கு ஒரு தோட்டத்து ஆலயத் தளத்தால் என்ன லாபம்? செயலாளர் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான். பணமோ நன்கொடைப் பட்டியலோ அவர்களுக்கு வேண்டாம். பல ஆண்டுகளாக ஒழுங்காக இயங்கும் தளத்திற்குக் கூகுளில் ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அந்தப் பெயரின் நிழலில் தங்கள் பக்கங்களை ஒளித்து வைத்தால் தேடலில் அவை மேலே வரும். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பள்ளி, பல்கலைக்கழகம், அரசாங்கத் தளங்களையே குறிவைப்பதற்கு இதுவே காரணம். இன்னொரு தந்திரமும் உண்டு. கூகுளின் தேடுபொறி வரும்போது மட்டும் விளம்பரத்தைக் காட்டி, முகவரியை நேரடியாகத் தட்டி வருபவருக்கு வழக்கமான பக்கத்தையே காட்டுவார்கள். செயலாளர் தினமும் தளத்தைத் திறந்து பார்த்தும் அவர் கண்ணில் படாமல் போனது அதனால்தான்.

எண்ணை மாற்றும் முன்பு

அப்படியானால் பிளகின் கோளாறு வரும்போது என்ன செய்வது? முதலில் ஹோஸ்டிங் கணக்கில் நுழைந்து, ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். இடம் இல்லாவிட்டாலும் கோப்புறையை உருவாக்க முடியவில்லை என்றே செய்தி வரும். திருவிழாப் படங்களைக் கேமராவிலிருந்து அப்படியே ஏற்றும் தளங்களில் இது அடிக்கடி நடக்கும். அடுத்து, தளம் முழுவதையும் ஒரு பிரதி எடுத்து உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு 'ஃபைல் மேனேஜர்' திறந்து 'டபிள்யூபி-கன்டென்ட்', அதற்குள் இருக்கும் 'பிளகின்ஸ்', 'அப்கிரேட்', 'அப்லோட்ஸ்' ஆகியவற்றின் எண்களைப் பாருங்கள். 755 இல்லையென்றால் மாற்றுங்கள். நிறைய இருந்தால் ஃபைல்சில்லா போன்ற செயலியில் மொத்தமாகச் செய்யலாம். ஆனால் கோப்புறைகளுக்குத் தனியாக, கோப்புகளுக்குத் தனியாக என்று இரண்டு முறை செய்ய வேண்டும். அவசரத்தில் கோப்புறைகளுக்கும் 644 கொடுத்துவிட்டால் யாரும் உள்ளே நுழைய முடியாமல் தளமே முடங்கிவிடும். கடவுச்சொல் இருக்கும் 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்புக்கு மட்டும் 600 அல்லது 640 போதும். அப்படி மாற்றியதும் தளம் திறக்கவில்லையென்றால் பழைய எண்ணுக்கே திரும்பிவிட்டு, எந்த எண் பொருந்தும் என்று ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேளுங்கள்.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் பிளகின் ஏறவில்லையா? நம் ஆலயத்திலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. மருமகன் கைவைக்கும் முன்பே எண்கள் சரியாகத்தான் இருந்தன. தவறு எண்ணில் இல்லை, உரிமையாளர் பெயரில்.

அதற்கு முந்தைய ஆண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று தளத்தை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றிக்கொடுத்தவர் கோப்புகளைச் சர்வரின் தலைமைக் கணக்கில் இருந்தபடியே விரித்து வைத்திருக்கிறார். கோப்புகள் எல்லாம் அந்தத் தலைமைக் கணக்கின் பெயரில் பதிவாகிவிட்டன. வேர்ட்பிரஸ் இயங்குவதோ ஆலயத்தின் கணக்கில். சொந்த வீட்டிலேயே அது 'மற்றவர்' ஆகிவிட்டது. படிக்கலாம், எழுத முடியாது. தளம் நன்றாகவே தெரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதல் புதுப்பிப்பு வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. பிளகினை ஏற்றும்போது வேர்ட்பிரஸ் சில சமயம் எஃப்டிபி பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். பலர் திகைத்துப்போய்ப் பக்கத்தை மூடிவிடுவார்கள். உண்மையில் வேர்ட்பிரஸ் அதற்கு முன் ஒரு சோதனை செய்திருக்கிறது. ஒரு சிறு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, அதன் உரிமையாளரும் வேர்ட்பிரஸின் சொந்தக் கோப்புகளின் உரிமையாளரும் ஒருவர்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒன்றாக இருந்தால் நேரடியாக எழுதும். வேறாக இருந்தாலோ, கோப்பையே உருவாக்க முடியாவிட்டாலோ நம்மிடம் எஃப்டிபி சாவியைக் கேட்கும். ஆக, அந்தப் பெட்டி வந்தாலே உரிமையாளர் பெயரைச் சந்தேகிக்கலாம்.

உரிமையாளர் பெயரைச் சாதாரணக் கணக்கிலிருந்து நாமே மாற்ற முடியாது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டும். 'பிளகின் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால், அது எங்கள் பொறுப்பல்ல, பிளகினைச் செய்தவரைக் கேளுங்கள் என்று பதில் வரும். 'எங்கள் பப்ளிக்-எச்டிஎம்எல் கோப்புறையிலும் அதற்குள் இருப்பவற்றிலும் ஓனர்ஷிப் தவறாக உள்ளது. எங்கள் கணக்கின் பெயருக்கு மாற்றித் தாருங்கள்' என்று எழுதுங்கள். சர்வர் தெரிந்தவருக்கு அது சில நிமிட வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய பகிர்வு சர்வர்கள் பலவற்றில் வேர்ட்பிரஸ் நம் கணக்கின் பெயரிலேயே இயங்கும். அங்கே 755-க்கு மேல் கொடுக்கத் தேவையே இல்லை. சில சர்வர்கள் 777-ஐப் பார்த்தாலே ஆபத்து என்று அந்தப் பக்கத்தை இயக்க மறுத்து, 500 என்ற பிழையைக் காட்டும். கோளாறைச் சரிசெய்யப் போய்த் தளமே காணாமல் போனால், இதையும் நினைவில் வையுங்கள்.

ஏற்கெனவே யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்றால், எண்ணைத் திருத்தினால் மட்டும் போதாது. பின்கதவைச் சாத்தும்போது திருடன் வீட்டுக்குள்ளேயே இருப்பான். எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும். நிர்வாகிகள் பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸையும் பிளகின்களையும் அதிகாரபூர்வ இடத்திலிருந்து புதிதாக இறக்கி வைக்க வேண்டும். 'அப்லோட்ஸ்' கோப்புறையில் படங்களும் ஆவணங்களும்தான் இருக்க வேண்டும். அங்கே பிஎச்பி என்று முடியும் கோப்பு இருந்தால் அது பெரும்பாலும் அவர்கள் விட்டுப்போனது. ஆலயத் தளத்தில் அப்படி ஏழு கோப்புகள் இருந்தன, திருவிழாப் படங்களைப் போலவே பெயர் வைத்துக்கொண்டு.

மின்னஞ்சல் போனது சிங்கப்பூருக்கு

இவ்வளவு நாள் யாருக்கும் ஓர் எச்சரிக்கையும் வரவில்லையா என்று கேட்டேன். வந்திருக்கிறது. 2019-இல் வெளிவந்த 5.2 பதிப்பிலிருந்து, ஒரு பிளகின் தளத்தை முடக்கினால் வேர்ட்பிரஸ் நிர்வாகிக்கு மின்னஞ்சல் அனுப்பி, உள்ளே நுழைய ஒரு தனி வழியையும் தரும். ஹோஸ்டிங் நிறுவனமும் சந்தேகமான கோப்புகள் இருப்பதாக எழுதியிருக்கிறது. எல்லாம் தளத்தை முதலில் அமைத்துக்கொடுத்த இளைஞரின் பழைய முகவரிக்குப் போயின. அவர் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அந்த முகவரியைத் திறந்தே வெகுநாள் ஆகிறதாம்.

நம் தோட்டங்களில் இது சகஜம். ஓர் இளைஞர் ஆர்வத்தோடு, ஒரு காசு வாங்காமல் தளத்தை உருவாக்குவார். தளமும் டொமைனும் அவருடைய பெயரில், அவருடைய மின்னஞ்சலில், சில சமயம் அவருடைய வங்கி அட்டையில். பிறகு படிப்புக்கோ வேலைக்கோ மலையை விட்டு இறங்குவார். அவர் தவறு எதுவும் இல்லை. ஆனால் லினக்ஸில் உரிமையாளர் பெயர் மாறிப்போனால் என்ன ஆகுமோ, கமிட்டியிலும் அதுதான் ஆகிறது. இருப்பவர்களுக்கு எழுதும் உரிமை இல்லை. உரிமை உள்ளவர் இங்கே இல்லை. ஆலயத்தின் பெயரில் ஒரு பொது மின்னஞ்சல், இரண்டு பொறுப்பாளர்களிடம் கடவுச்சொல், ஆண்டுக் கூட்டத்தில் பொறுப்பு மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு இதையும் ஒப்படைப்பது. இதற்குப் பணம் தேவையில்லை.

அந்த இளைஞரைப் புலனத்தில் பிடித்தோம். அன்றிரவே எல்லாச் சாவிகளையும் அனுப்பிவைத்தார். கோப்புகளின் உரிமையாளர் பெயரை ஹோஸ்டிங் நிறுவனம் மறுநாள் மாற்றித் தந்தது. தளத்தைச் சுத்தம் செய்ய இரண்டு வார இறுதிகள் ஆயின. மலையில் மாலை நேரத்து இணைய வேகத்தில் கோப்புகளை இறக்கி ஏற்றுவதற்கே அதில் பாதி நேரம் போயிற்று. கூகுளில் சூதாட்ட வரிகள் மறைய இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. திருவிழா அறிவிப்பு நேரத்தோடு ஏறிவிட்டது.

திரும்பி வராதவை சில படங்கள். நிறுவனத்திடம் ஒரு வாரத்துப் பிரதிதான் இருந்தது, அதுவும் கெட்டுப்போன தளத்தின் பிரதி. இளைஞருடைய பழைய மடிக்கணினியில் ஒரு பகுதி கிடைத்தது. லயத்து வாசலில் கொழுந்துக் கூடையோடு பெண்கள் வரிசையாக நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. மூலப்படம் யார் வீட்டில் இருந்து வந்தது என்பதும் யாருக்கும் நினைவில்லை. செயலாளர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய குடும்பங்களின் வீடுகளுக்குப் போய், ஆல்பங்களைக் கேட்டு வாங்கிக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்.